சிறுநீரகத்தின் தலையில் ஒரு தொப்பி – அட்ரினல் சுரப்பியை அறிவோம்!



இந்த மாதம் சுவர் இதழில் அறிவியல் பக்கம் எழுதும் வாய்ப்பு எனக்குக் கிடைத்துள்ளது. எதைப் பற்றி எழுதலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. போன வருஷம் எங்க அம்மாச்சிக்கு வந்த ஆபத்தும், அதில் நான் செய்த ஒரு தப்பும் தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதைப் பிறகு சொல்கிறேன். கட்டுரை கொஞ்சம் நீளம். இன்டர்வெல்லில் பாதி, சாயங்காலம் மணி அடித்த பிறகு மீதி என்று படித்தாலும் சரி, முழுசாகப் படித்து விடுங்கள்.

எங்கே இருக்கிறது?

பத்தாம் வகுப்பு அறிவியலில் நாளமில்லாச் சுரப்பிகள் படித்தோம் அல்லவா? தைராய்டு, கணையம் எல்லாம் ஞாபகம் இருக்கும். ஏன்னா வீட்டுக்கு ஒருத்தருக்கு சுகர் இருக்கிறது, தைராய்டு மாத்திரையும் பலர் வீட்டில் இருக்கிறது. ஆனால் அட்ரினல்? பரிட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்து போயிருப்போம்.

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி இரண்டு சின்னச் சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. வலது பக்கம் இருப்பது முக்கோண வடிவம். இடது பக்கம் இருப்பது பிறை வடிவம். ஒன்றின் எடை 4 அல்லது 5 கிராம் தான். அதாவது ஒரு ஐந்து ரூபாய் காசு எடைகூட இருக்காது!

16ஆம் நூற்றாண்டில் இத்தாலி நாட்டைச் சேர்ந்த பர்த்தலோமியோ யூஸ்டாக்கி என்பவர் தான் இந்தச் சுரப்பிகளை முதலில் பார்த்து எழுதி வைத்தவர். நம் காதுக்குள் இருக்கும் யூஸ்டேஷியன் குழலுக்குப் பெயர் வந்ததும் இவரால் தான். ஆனால் இந்தச் சுரப்பிக்கு என்ன வேலை என்று அதன் பின் 300 வருஷம் வரை யாருக்கும் தெரியாது. 1856-ல் பிரௌன் செக்கார்ட் என்ற விஞ்ஞானி விலங்குகளின் உடம்பிலிருந்து இந்தச் சுரப்பிகளை எடுத்துப் பார்த்தார். அவை செத்துப் போயின. இது இல்லாமல் உயிர் வாழ முடியாது என்று அப்போது தான் தெரிந்தது.

ஒரு வீட்டுக்குள் இரண்டு குடித்தனம்

அட்ரினலைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெளியே மஞ்சள் நிறத்தில் ஒரு பகுதி இருக்கும். அது புறணி (கார்ட்டெக்ஸ்). உள்ளே இருப்பது அகணி (மெடுல்லா). இரண்டுக்கும் வேலை வேறு.

அகணி சுரப்பது அட்ரினலின், நார்அட்ரினலின். ராத்திரி டியூஷன் முடிந்து வரும்போது தெருநாய் துரத்தினால் நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது, எங்கிருந்தோ ஒரு வேகம் வந்து சைக்கிளை மிதிக்கிறோம். அந்த வேகம் கொடுப்பது அட்ரினலின். 1901-ல் ஜப்பானைச் சேர்ந்த டகாமினே என்பவர் அமெரிக்காவில் இருந்தபோது இதைப் படிகமாகப் பிரித்து எடுத்தார்.

புறணியில் மூன்று அடுக்கு. மூன்றும் மூன்று வகை ஹார்மோன் சுரக்கின்றன. ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு குறுக்கு வழி: உப்பு, சர்க்கரை, பருவம்.

1. மேல் அடுக்கு – ஆல்டோஸ்டீரோன். இது உப்புக் கணக்குப் பார்ப்பது. சிறுநீரில் உப்பு வீணாகப் போகாமல் பிடித்து வைக்கும். உப்பு இருந்தால் தான் தண்ணீர் நிற்கும், தண்ணீர் நின்றால் தான் ரத்த அழுத்தம் நிற்கும்.
2. நடு அடுக்கு – கார்ட்டிசால். இது சர்க்கரைக் கணக்கு. சாப்பிடாத நேரத்திலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் காக்கும். காய்ச்சல், அடிபடுதல், ஆபரேஷன் போன்ற கஷ்ட காலத்தில் உடம்பைத் தாங்கும். வீக்கத்தைக் குறைக்கும்.
3. உள் அடுக்கு – ஆண்ட்ரோஜன் என்ற பருவ ஹார்மோன்கள், கொஞ்சமாக.

இந்த மூன்று வகையையும் நம் புறணி எதிலிருந்து தயாரிக்கிறது தெரியுமா? எல்லாரும் கெட்டது கெட்டது என்று திட்டுகிற கொலஸ்ட்ராலில் இருந்து!

ஹார்மோன் எப்படி வேலை செய்யும் என்று நம் திண்டுக்கல்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு நம் ஊர்ப் பூட்டு. ஒரு பூட்டுக்கு அதன் சாவி தான் சேரும். ஹார்மோன் என்பது சாவி. ரத்தத்தில் ஊர் முழுக்கச் சுற்றினாலும், தனக்குப் பொருந்தும் பூட்டு எந்த செல்லில் இருக்கிறதோ அங்கே தான் திறக்கும். கார்ட்டிசாலுக்கு மட்டும் உடம்பில் கிட்டத்தட்ட எல்லா செல்லிலும் பூட்டு இருக்கிறது. அதனால் தான் அது கூடினாலும் குறைந்தாலும் தலை முதல் கால் வரை பாதிக்கிறது.

தொட்டியும் மோட்டாரும்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பின்னால் தேவைப்படும்.

அட்ரினல் தன் இஷ்டத்துக்குச் சுரக்காது. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி ரத்தத்தில் கார்ட்டிசால் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கீழே இருக்கும் பிட்யூட்டரிக்குச் சொல்லும். பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பும். அது அட்ரினலைத் தட்டி எழுப்பி, 'சுரந்து விடு' என்று சொல்லும். கார்ட்டிசால் போதுமான அளவு வந்ததும் மூளை, 'போதும்' என்று நிறுத்திக்கொள்ளும். விடியற்காலையில் அதிகமாகவும், நடு ராத்திரியில் மிகக் குறைவாகவும் சுரப்பது இதன் வழக்கம்.

நம் வீட்டு மாடித் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணி குறைஞ்சா அம்மா மோட்டார் போடுவாங்க. நிறைஞ்சா நிறுத்துவாங்க. சரி, தினமும் யாரோ லாரித் தண்ணியைக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பிக்கிட்டே இருந்தா? அம்மா மோட்டார் பக்கமே போக மாட்டாங்க. ஒரு வருஷம் ஓடாம கெடந்த மோட்டார் என்ன ஆகும்? துருப்பிடிச்சு இறுகிப் போகும். அந்த நேரம் பார்த்துத் திடீர்னு லாரி வரலைன்னா...? வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணி இருக்காது!

குறைந்தால் என்ன ஆகும்? – அடிசன் நோய்

லண்டனில் கைஸ் மருத்துவமனையில் வேலை பார்த்த டாக்டர் தாமஸ் அடிசன் 1855-ல் ஒரு சின்னப் புத்தகம் வெளியிட்டார். அதில் 11 நோயாளிகளைப் பற்றி எழுதினார். அவர்களுக்கு எழுந்து நிற்க முடியாத சோர்வு, வாந்தி, பலவீனமான நாடித் துடிப்பு, நாளுக்கு நாள் எடை குறைவு. கூடவே தோல் கறுத்துக்கொண்டே போனது. இறந்த பிறகு பார்த்தால் அட்ரினல் சுரப்பிகள் கெட்டுப் போயிருந்தன. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அதற்குக் காரணம் காசநோய், அதாவது நாம் டி.பி. என்று சொல்வது.

மேலை நாடுகளில் இன்று அடிசன் நோய்க்கு முக்கியக் காரணம், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவது. ஆனால் நம் நாட்டில் டி.பி. இன்னும் முக்கியமான காரணம். டி.பி. கிருமி நுரையீரலில் மட்டும் தான் உட்காரும் என்று நினைக்கிறோம். அது ரத்தம் வழியாகப் போய் அட்ரினலிலும் தங்கும். சுரப்பியில் பத்தில் ஒன்பது பங்கு அழியும் வரை பெரிதாக அறிகுறி தெரியாது. அது தான் ஆபத்து. ஒருவகைப் பூஞ்சைக் கிருமியும் நம் நாட்டில் இந்த வேலையைச் செய்கிறது.

இன்னொரு விஷயம். டி.பி.க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மாத்திரை மிக நல்ல மருந்து. ஆனால் அது கல்லீரலை முடுக்கிவிட்டு, கார்ட்டிசாலை வேகமாகச் சிதைக்க வைக்கும். ஏற்கனவே அட்ரினல் பாதி கெட்டவருக்கு அந்த மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் மயக்கம், வாந்தி வரலாம். அப்போது மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அடிசன் நோயின் அடையாளங்கள்:

* காரணமில்லாத சோர்வு, எடை குறைவு
* உட்கார்ந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது
* உப்பின் மேல் ஆசை (ஊறுகாயைச் சோறு மாதிரி சாப்பிடுவது, உப்பை அள்ளி நக்குவது)
* வயிற்று வலி, வாந்தி
* தோல் கறுப்பது

தோல் ஏன் கறுக்கிறது? அட்ரினல் சுரக்காததால் பிட்யூட்டரி விடாமல் ஏ.சி.டி.எச். அனுப்பிக்கொண்டே இருக்கும். தோலில் நிறம் உண்டாக்கும் செல்களையும் அந்த ஏ.சி.டி.எச். தூண்டிவிடும். நம் ஊரில் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். 'வெயில்ல அலைஞ்சு கறுத்துட்டான்' என்று சொல்லி விட்டுவிடுவோம். ஆனால் வெயில் படாத இடத்தைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை ரேகை, ஈறு, விரல் மொளி, பழைய தழும்பு. முன்பு இல்லாத கறுப்பு அங்கே புதிதாக வந்திருந்தால் கவனிக்க வேண்டும்.

இந்த நோயை வைத்துக்கொண்டு ஒருவர் அமெரிக்காவின் ஜனாதிபதியாகவே இருந்திருக்கிறார். ஜான் கென்னடி! 1947-ல் அவருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. 1961-ல் பதவி ஏற்றார். தினமும் மருந்து எடுத்துக்கொண்டே நாட்டை ஆண்டார். குறைந்த ஹார்மோனை மாத்திரையாகத் தினமும் கொடுத்தால் இந்த நோயாளி நம்மைப் போலவே வாழலாம், படிக்கலாம், வேலைக்குப் போகலாம்.

கூடினால் என்ன ஆகும்? – குஷிங் நோய்

இது அப்படியே தலைகீழ். ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் 1912-லும் 1932-லும் இதைப் பற்றி எழுதினார். பிட்யூட்டரியிலோ அட்ரினலிலோ சின்னக் கட்டி வந்தால் கார்ட்டிசால் அளவுக்கு மேல் சுரக்கும். அப்போது:

* முகம் பௌர்ணமி நிலா மாதிரி உருண்டையாகும்
* வயிறு பெருக்கும், ஆனால் கையும் காலும் மெலியும்
* பிடரியில் கொழுப்பு மேடு தட்டும்
* வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும்
* லேசாக இடித்தாலே தோல் கன்றிப் போகும்
* சுகர், பிரஷர் ஏறும், எலும்பு பலம் குறையும்
* குழந்தைகளுக்கு உயரம் கூடாது, உடம்பு மட்டும் பருக்கும்

கட்டியால் இப்படி வருவது அபூர்வம். ஆனால் இதே அடையாளங்கள் நம் தெருவிலேயே நிறைய பேருக்கு இருக்கலாம். காரணம் கட்டி இல்லை, மாத்திரை! இனி எங்க அம்மாச்சி கதை.

எங்க அம்மாச்சிக்கு நடந்தது

எங்க அம்மாச்சி நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். விடியறதுக்கு முன்னாடி மல்லிகைத் தோட்டத்துக்குப் பூ எடுக்கப் போவாங்க. குனிஞ்சு குனிஞ்சு எடுத்து முட்டி வலி. கைவிரல் மொளியெல்லாம் வீக்கம். 'மாடு மாதிரி ஒழைச்ச ஒடம்பு, இனி ஓடாது' என்று புலம்புவார்கள்.

யாரோ சொன்னார்கள் என்று ஒரு இடத்தில் பொட்டலம் வாங்க ஆரம்பித்தார்கள். பேப்பரில் மடித்த சின்ன வெள்ளை மாத்திரையும் ஒரு பொடியும். பெயர் இல்லை, அட்டை இல்லை, சீட்டு இல்லை. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது! மறுபடியும் பூ எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். ஊரே அந்தப் பொட்டலத்தைப் புகழ்ந்தது.

இப்படி ஒன்றரை வருஷம். அம்மாச்சி முகம் உருண்டையாகிப் பளபளவென்று ஆனது. 'பேத்திக்குச் சடங்கு வச்சதுல இருந்து ஆத்தா பூரிச்சுப் போச்சு' என்று பக்கத்து வீட்டில் கேலி செய்தார்கள். நாங்களும் சந்தோஷப்பட்டோம். கையில் அங்கங்கே ஊதாவாகக் கன்றியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சுகர் வந்தது. 'வயசானா வரத்தான செய்யும்' என்று விட்டுவிட்டோம்.

லீவுக்குப் போனபோது நான் அந்தப் பொட்டலத்தைப் பார்த்தேன். பெயர் இல்லாத மாத்திரை சாப்பிடக் கூடாது என்று எனக்குத் தெரியும். அறிவியல் மாணவி என்ற கர்வம் வேறு! 'இதெல்லாம் ஸ்டீராய்டு, கிட்னி போயிரும் அம்மாச்சி' என்று சத்தம் போட்டு, இருந்த எல்லாப் பொட்டலத்தையும் குப்பையில் கொட்டிவிட்டேன். இனிமேல் வாங்கவே கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியமும் வாங்கினேன். பாவம், அவுங்க சத்தியத்தைக் காப்பாத்துனாங்க.

மூன்றாம் நாள் உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல். ஊரில் எல்லாருக்கும் வந்த சாதாரணக் காய்ச்சல் தான். ஆனால் அம்மாச்சிக்கு வாந்தி நிற்கவில்லை. ஆறாம் நாள் காலையில் கூப்பிட்டால் முனகல் மட்டும் தான். கை சில்லென்று இருந்தது. கண்ணு பட்டுவிட்டது என்று ஒருவர் மிளகாய் சுற்றப் போனார். எங்க மாமா தான் 108-க்குப் போன் செய்தார்.

மருத்துவமனையில் பிரஷர் 70-க்கு இறங்கியிருந்தது. சுகர் உள்ள அம்மாச்சிக்கு சுகரும் தாழ்ந்து கிடந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: 'என்ன மாத்திரை சாப்பிடுறாங்க?' அம்மா, 'ஒண்ணும் இல்ல சார், எல்லாத்தையும் நிறுத்திட்டோம்' என்றார்கள். டாக்டர் அம்மாச்சியின் முகத்தையும், கையில் இருந்த கன்றலையும் பார்த்தார். 'எதை நிறுத்துனீங்க? என்னைக்கு நிறுத்துனீங்க?' என்று மறுபடி கேட்டார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன்.

அவர் உடனே நர்ஸ் அக்காவிடம் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போடச் சொன்னார். சலைனும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். காலையில் சாகக் கிடந்தவர்கள் சாயங்காலம் கண் திறந்து, 'சுக்குக் காப்பி கெடைக்குமா' என்று கேட்டார்கள். நான் அப்போதும் அழுதேன்.

பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். மேலே நான் எழுதிய தொட்டியும் மோட்டாரும் அவர் சொன்ன உதாரணம் தான். ஒன்றரை வருஷம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்ததால், மூளை ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிட்டது. அட்ரினல் சுருங்கித் தூங்கிப் போனது. நான் ஒரே நாளில் லாரியை நிறுத்திவிட்டேன். மோட்டாரோ ஓடவில்லை. அதற்கு மேல் காய்ச்சல் வேறு. நல்ல உடம்பாக இருந்தால் காய்ச்சலின்போது அட்ரினல் வழக்கத்தைவிடப் பல மடங்கு கார்ட்டிசால் சுரந்து காப்பாற்றும். அம்மாச்சி உடம்பில் அது இல்லை.

'நிறுத்தணும்னு நீ நெனைச்சது சரிதாம்மா. நிறுத்துன விதம் தான் தப்பு' என்றார் டாக்டர்.

அதன் பிறகு அளவு தெரிந்த மாத்திரையாகக் கொடுத்து, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். தூங்கிய அட்ரினல் விழிக்கப் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும் என்றார்கள். நடுவில் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்துக் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள். மூட்டு வலிக்குத் தனியாக முறையான வைத்தியம் நடக்கிறது. முகம் பழையபடி ஒடுங்கிவிட்டது. வலி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

அப்படீன்னா ஸ்டீராய்டு விஷமா?

இல்லை! இங்கே தான் நாம் குழம்பிவிடக் கூடாது.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு டாக்டர் பிலிப் ஹென்ச் முதன்முதலாகக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே ஆச்சரியப்பட்டது. ஹென்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தொடர்ந்து கொடுக்கக் கொடுக்கப் பக்க விளைவுகளும் தெரிய வந்தன. அம்மாச்சிக்கு இரண்டே நாளில் வலி பறந்ததும், பின்னால் முகம் வீங்கியதும் அதே கதை தான்.

2020 ஜூன் மாதம் இங்கிலாந்தில் நடந்த ஆராய்ச்சியில், கொரோனாவால் வென்டிலேட்டரில் இருந்தவர்களிடையே சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது டெக்ஸாமெத்தசோன் என்ற விலை குறைந்த ஸ்டீராய்டு என்று தெரிந்தது. அதே ஸ்டீராய்டைத் தேவையில்லாதவர்களுக்கும், அளவுக்கு மீறியும் கொடுத்தபோது என்ன ஆனது? 2021-ல் கருப்புப் பூஞ்சை நோய் வந்ததை நாம் மறக்க முடியாது. ஸ்டீராய்டு சுகரை ஏற்றி, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது.

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர், சிறுநீரக நோய் உள்ள குழந்தைக்கு மாத்திரை என்று டாக்டர் கொடுத்தால் தைரியமாகச் சாப்பிடலாம். கத்தி மாதிரி தான் இது. அறுவை சிகிச்சை மருத்துவர் கையில் இருந்தால் உயிர் காக்கும்.

பிறக்கும்போதே வருவது

சில குழந்தைகளுக்கு அட்ரினலில் கார்ட்டிசால் தயாரிக்கத் தேவையான ஒரு நொதி பிறவியிலேயே இருக்காது. இதைப் பிறவி அட்ரினல் மிகைப்பெருக்கம் என்கிறார்கள். கார்ட்டிசால் இல்லை. ஆல்டோஸ்டீரோனும் குறைவு. மீதமாகும் கச்சாப் பொருள் எல்லாம் ஆண்ட்ரோஜன் பக்கம் திரும்பிவிடும். அதனால் பெண் குழந்தை பிறந்தால், பார்த்தவுடன் ஆணா பெண்ணா என்று குழப்பம் வரும். ஆண் குழந்தை சாதாரணமாகவே தெரியும். ஆனால் இரண்டு மூன்று வாரத்தில் வாந்தி எடுத்து, உப்பும் தண்ணீரும் வற்றி, ஏன் என்று தெரியாமலே இறந்துபோகலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்து, 2018-ல் முடிவை வெளியிட்டது. மொத்தத்தில் 5762 குழந்தைகளுக்கு ஒருவருக்கு இந்நோய் இருந்தது. சென்னையில் மட்டும் 2036-க்கு ஒருவர்! ஐந்து ஊரிலும் சென்னை தான் அதிகம்.

இது அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மறைந்த மரபணு இருந்தால் தான் வரும். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. (மெண்டல் பாடம் ஞாபகம் வருகிறதா?) நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இருவரிடமும் ஒரே மரபணு இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. குழந்தை பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் போதும், கண்டுபிடித்து விடலாம். மாத்திரையும் கொஞ்சம் உப்பும் கொடுத்தால் அந்தக் குழந்தை நன்றாக வளரும். குழந்தை ஆணா பெண்ணா என்று குழப்பமாக இருந்தால் அதை மறைப்பதோ, தாயைக் குறை சொல்வதோ பாவம். அது சாபம் இல்லை, ஒரு நொதிக் குறைவு.

இன்னும் இரண்டு

சின்ன வயதிலேயே பிரஷர் அதிகம், மாத்திரை பல போட்டும் இறங்கவில்லை, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, தசை தளர்ச்சி என்றால் ஆல்டோஸ்டீரோன் அதிகமாக இருக்கலாம். 1955-ல் ஜெரோம் கான் என்பவர் கண்டுபிடித்தது இது.

திடீர் திடீரென்று தலைவலி, வேர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வந்து, பிரஷர் எகிறி, பிறகு தானாக அடங்கினால் அகணியில் கட்டி இருக்கலாம். இதைப் பயம், பேய், நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒதுக்குபவர்கள் உண்டு. இரண்டாவதாகச் சொன்னது அபூர்வம் தான். ஆனால் இரண்டுமே ஆபரேஷனில் குணமாக வாய்ப்பு உள்ளவை.

நாம் என்ன செய்ய வேண்டும்?

1. இன்று வீட்டுக்குப் போனதும் தாத்தா, பாட்டி சாப்பிடும் மாத்திரைகளைப் பாருங்கள். பெயர் இல்லாத பொட்டலம் இருந்தால் தூக்கி எறியாதீர்கள்! அதை அப்படியே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.
2. பிரெட்னிசோலோன், டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் என்ற பெயர்களை நினைவில் வையுங்கள். இவை ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்தக் கூடாது.
3. சிவப்புக் கோடு போட்ட அட்டை மாத்திரையை டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். உடம்பு வைக்க, பசி எடுக்க, முகம் வெளுக்க என்று யாராவது மாத்திரையோ களிம்போ கொடுத்தால் வாங்காதீர்கள். முகக் களிம்பிலும் ஸ்டீராய்டு இருக்கலாம்.
4. 2022 ஜனவரியில் நம் திண்டுக்கல்லிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. டாக்டரைப் பார்க்க மதுரைக்குத் தான் போகணும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

யோசித்துப் பாருங்கள்

அடிசன் நோயில் தோல் கறுக்கும் என்று எழுதினேன். எங்க அம்மாச்சிக்கும் கார்ட்டிசால் இல்லை. ஆனால் அவர்களுக்குத் தோல் கறுக்கவில்லை. ஏன்?

(விடை: அடிசன் நோயில் கெட்டது அட்ரினல். பிட்யூட்டரி நன்றாக இருப்பதால் ஏ.சி.டி.எச். நிறைய வரும். அம்மாச்சிக்கு ஏ.சி.டி.எச்.சே வரவில்லை. பிறகு எப்படிக் கறுக்கும்?)

கடைசியாக

இப்போது எங்க அம்மாச்சியின் சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சில்லறையோடு ஒரு சீட்டும் இருக்கிறது. நான் என் கையால் எழுதி, மழையில் நனையாமல் பாலிதீன் உறையில் போட்டுக் கொடுத்தது:

'நான் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவள். எனக்குத் திடீரென நிறுத்தக் கூடாது. நான் மயங்கிக் கிடந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய் டாக்டரிடம் இந்தச் சீட்டைக் காட்டவும்.'

கீழே மாமா போன் நம்பரும் எழுதியிருக்கிறேன். அம்மாச்சிக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் பூ எடுக்கிற இடத்தில் எல்லாரிடமும் காட்டி, 'எம்பேத்தி எழுதுனது' என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பாட்டிகள் தங்கள் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போயிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியவில்லை என்றால் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அரைகுறை அறிவோடு அவசரப்பட்டது நான், ஆபத்தில் கிடந்தது அம்மாச்சி. அந்தத் தப்பை நீங்கள் யாரும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதினேன். பிழை இருந்தால் ஆசிரியர்கள் சிவப்பு மையில் திருத்தி விடவும்.



– பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் பிரிவு மாணவி